சாம்பார்ச் சட்டியைச் சாய்த்தால்…

முக்கால் சட்டி சாம்பாரை இரண்டு காதையும் பிடித்துத் தூக்குங்கள். சமமாக இருக்கும்வரை பயமில்லை. ஒரு பக்கம் தாழ்ந்தால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் அங்கே ஓடிவந்து அந்தக் கைதான் கனக்கும். வயதான நாய் கட்டிலில் ஏறி இறங்கப் படி வாங்கப் போகிறவர்கள் இந்தச் சட்டியை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற மாட்டார்கள்.

சமதரையில் நிற்கும் நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. தலை, கழுத்து, மார்பு எல்லாம் அந்தப் பக்கம்தானே. அந்தக் கால்களை உடம்போடு பிணைப்பது எலும்பு மூட்டு அல்ல, தசைகள் மட்டுமே. கட்டிலிலிருந்து இறங்கும்போது சட்டி முன்னே சாய்கிறது. எடை முன்கைக்கு ஓடுகிறது. குதித்தால், சட்டியை மேடையில் ‘ணங்’கென்று போட்ட கதைதான். இளம் நாயின் தசை அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வயதானதற்குத் தசை வற்றியிருக்கும், மூட்டின் குருத்தெலும்பும் தேய்ந்திருக்கும். ஏறும்போது சட்டி பின்னே சாய்ந்து பாரம் இடுப்புக்குப் போகிறது. லாப்ரடார்களுக்கு அடிக்கடி வலிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

ஆக, படியின் வேலை சாய்வைக் குறைப்பது. கடையில் எல்லோரும் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஒவ்வொரு படியின் ஆழத்தையும் அளக்க வேண்டும். மெத்தையோடு கட்டில் 24 அங்குலம் என்று வையுங்கள்; கடைசி ஏற்றம் மேல்படியிலிருந்து மெத்தைக்கு. 8 அங்குல உயரமும் 10 அங்குல ஆழமும் உள்ள இரண்டு படி வாங்கினால் சாய்வு 39 பாகை அளவுக்குப் போகிறது. அறையில் இடம் அடைக்காது, விலையும் குறைவு; சாம்பார் கொட்டும். 6 அங்குல உயரம், 16 அங்குல ஆழத்தில் மூன்று படி என்றால் சாய்வு சுமார் 21 பாகை. நான்கடி இடம் பிடிக்கும்தான், ஆனால் நாய் ஒவ்வொரு படியிலும் நின்று நிதானிக்கும். படியே இல்லாத சரிவுப் பலகையில் 20 பாகை வேண்டுமென்றால் ஏறக்குறைய ஆறடி நீளம் தேவை. முதுகுத்தண்டின் வட்டு பிதுங்கும் ஆபத்துள்ள டாக்ஸ்ஹண்டுக்கு, இடம் இருந்தால், பலகைதான் என் தேர்வு.

அடுத்தது பிடிமானம். டைல்ஸ் தரையில் அடியில் ரப்பர் இல்லாத பிளாஸ்டிக் படி வழுக்கி ஓடும். ஒருமுறை நகர்ந்துவிட்டால் நாய் அதை மறுபடி நம்பாது. ஃபோம் படி மெத்தென்று இருந்தால் நமக்குத்தான் பிடிக்கும். கையால் அழுத்திப் பாருங்கள், உள்வாங்கினால் வேண்டாம். பாதம் புதைந்தால் தள்ளாடும். உறை கழற்றித் துவைக்கக்கூடியதாக இருக்கட்டும். வயதான நாய், இரவில் சிறுநீர் கசியலாம். பார்வை மங்கியதற்குப் படியின் விளிம்பில் மஞ்சள் அல்லது நீல நாடா ஒட்டலாம். சிவப்பு நாய்க்கு எடுப்பாகத் தெரியாது.

பழக்கும்போது கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்காமல், படிக்கு ஒரு பிஸ்கட் துண்டு வையுங்கள். நேற்றுவரை ஏறிய நாய் இன்று திடீரென்று மறுத்தால் அடம் என்று நினைக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டிலிருக்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். படி, பலகை எதற்கும் அறையில் இடமில்லையா? மெத்தையைத் தரையில் போட்டுவிடுங்கள், காசும் மிச்சம்.