சான் அன்டோனியோவின் மிளகாய்க் கறி

1880-களில் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் பொழுது சாய்ந்ததும் மிலிட்டரி பிளாசா திடலில் விளக்குகள் எரியத் தொடங்கும். மெக்சிக வம்சாவளிப் பெண்கள் நீண்ட மேசைகளைப் போட்டு, மிளகாய் விழுதில் வெந்த மாட்டிறைச்சியான சில்லியைக் கிண்ணங்களில் அள்ளி விற்பார்கள். ஊரார் அவர்களைச் 'சில்லி ராணிகள்' என்றார்கள். 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோ பெயரிலேயே ஒரு சில்லிக் கடை இருந்தது. பின்னாளில் சுகாதார விதிகளைக் காட்டி நகர நிர்வாகம் ராணிகளின் கடைகளை அப்புறப்படுத்தியது. 1977-ல் டெக்சாஸ் சட்டமன்றம் சில்லியை மாநில உணவாக அறிவித்தது. அந்தப் பெருமையில் பெரும்பங்கு அந்தப் பெண்களுக்கே சேர வேண்டும்.

இன்று பல வீடுகளில் சில்லி என்ற பெயரில் கொத்துக்கறியும் தக்காளியும் டப்பா பீன்ஸும் சேர்ந்து வேகின்றன. பசிக்கு அதுவும் நல்ல உணவுதான். ஆனால் டெக்சாஸ் சில்லியின் உயிர் காய்ந்த மிளகாயில் இருக்கிறது. நிறம், கெட்டி, உலர்திராட்சையை நினைவூட்டும் லேசான இனிப்பு, எல்லாமே அது தருபவை. அங்கே பயன்படும் ஆஞ்சோ, குவாஹியோ வகைகளில் காரம் குறைவு. அவை கிடைக்காத இடத்தில் காஷ்மீரி மிளகாய் ஓரளவு கைகொடுக்கும். நம் குண்டு மிளகாயை அதே அளவில் போட்டால் வாயில் வைக்க முடியாது.

ஒரு கிலோ இறைச்சிக்குப் பத்துப் பன்னிரண்டு மிளகாய் போதும். காம்பும் விதையும் நீக்கி, வெறும் சட்டியில் மணம் வரும்வரை வாட்டவேண்டும், கருகினால் கசந்துவிடும். பிறகு வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வழவழப்பாக அரைத்துக்கொள்ளலாம்.

இறைச்சியில் மாட்டின் தோள் பகுதியே சிறந்தது. ஓடியாடி உழைத்த தசை என்பதால் அதில் சவ்வு அதிகம். சிறு தீயில் இரண்டு மூன்று மணி நேரம் வேகும்போது அந்தச் சவ்வு கரைந்து சாற்றைக் கொழகொழவென்று ஆக்கும். அவசரப்பட்டு இறக்கினால் கறி ரப்பராக இருக்கும். துண்டுகளை முதலில் எண்ணெயில் சிவக்க வறுக்கவேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கொட்டினால் நீர் விட்டு, வறுபடாமல் வெந்துபோகும்.

அடுத்து வெங்காயம், பூண்டு, வறுத்துப் பொடித்த சீரகம், உலர்ந்த ஓரிகானோ. விழுதை ஊற்றி எண்ணெய் பிரியும்வரை கிளறி, இறைச்சியையும் உப்பையும் தண்ணீரையும் சேர்த்து மூடிவிடலாம். கடைசியில் ஒரு கரண்டி மக்காச்சோள மாவைக் கரைத்து ஊற்றினால் குழம்பு கெட்டிப்படும். மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால் ருசி இன்னும் கூடியிருக்கும்.

பீன்ஸ் சேர்க்கலாமா? டெக்சாஸ்காரர்களில் பலர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். 1967-ல் சில்லி சமையல் போட்டி தொடங்கிய டெக்சாஸின் டெர்லிங்குவா ஊரில் இன்றும் பீன்ஸ் போட்ட சில்லியைப் போட்டிக்கு ஏற்பதில்லை. வீட்டுச் சமையலுக்கு அந்தத் தடை வேண்டாம். ஆனால் ராஜ்மா சேர்ப்பவர்கள் அதை இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டு, மென்மையாக வேகவைத்த பிறகே சில்லியில் சேர்க்கவேண்டும். பச்சை ராஜ்மாவில் உள்ள நச்சு இளஞ்சூட்டில் அழியாது. அரைவேக்காட்டில் தின்றால் கடும் வாந்தியில் கொண்டுபோய் விடும்.