போத்தலுக்குள் கடல்

நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்குள்ள மதில்களைக் கண்டிருப்பீர்கள். சீமெந்தும் இல்லை, சாந்தும் இல்லை. கல்லுக்கு மேல் கல்லை அடுக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அடுத்த முறை போகும்போது குதிரை பார்க்கிற அவசரத்தில் ஓடாமல், மதிலுக்குக் கிட்டப் போய் ஒரு கல்லை உற்றுப் பாருங்கள். கல் முழுவதும் பூப்பூவாக இருக்கும். ஒவ்வொரு பூவும் ஒரு சின்னக் குழி. குழியின் நடுவிலிருந்து விளிம்புக்கு, சைக்கிள் சில்லின் கம்பிகள் போல, மெல்லிய தகடுகள் ஓடும்.

அதை யாரும் செதுக்கவில்லை. ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஒரு பிராணி குடியிருந்தது. அதன் பெயர் பொலிப்பு. அது ஒரு சின்னப் பை. பைக்கு ஒரு வாய், வாயைச் சுற்றி விரல் விரலாகக் கைகள். சாப்பிடுவதும் அந்த வாயால்தான், கழிவைத் துப்புவதும் அதே வாயால்தான். முகத்தைச் சுளிக்காதீர்கள். 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் குடும்பம் இப்படித்தான் பிழைத்து வருகிறது.

பொலிப்பு கடல்நீரிலுள்ள கல்சியத்தை எடுத்து, தனக்குக் கீழே கல்லாகப் படியவிடும். அது கல்சியம் காபனேற்று. உங்கள் அம்மம்மா வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பின் மூலச் சரக்கும் அதுதான். ஆயிரக்கணக்கான பொலிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து இப்படிக் கட்டியதைத்தான் நாங்கள் முருகைக்கல் என்கிறோம். தமிழ்நாட்டில் பவளப்பாறை என்பார்கள்.

கடல் அனிமனி இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். ஆனால் வீடு கட்டாது. வெறும் பை, வெறும் கைகள். நகத்தளவிலும் இருக்கும், சுளகளவிலும் இருக்கும்.

எனக்குப் பத்து வயதில் அப்படி ஒரு நகத்தளவு அனிமனி கிடைத்தது. பருத்தித்துறைக் கரையில் வற்று நேரத்தில் கல்லுக்குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். அதிலொன்றில், ஒரு சின்னக் கல்லில் ஒட்டியபடி இருந்தது. கல்லோடு எடுத்து ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் போட்டு, கடல்தண்ணீர் நிரப்பி, சைக்கிளில் தொங்கவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதல் நாள் அழகாக விரிந்தது. ஒரு துண்டு இறால் போட்டேன், பாதியை விழுங்கியது. இரண்டாம் நாள் சுருங்கிப் புளியங்கொட்டை போலக் கிடந்தது. மூன்றாம் நாள் அம்மம்மா வந்தார்.

"உதென்ன மணம்? எங்கையும் எலி செத்துக் கிடக்கோ?"

"இல்லை அம்மம்மா. போத்தலுக்குள்ள கடல் வைச்சிருக்கிறன்."

"கடலை எங்கையடா போத்தலுக்குள்ள வைக்கிறது? கொண்டுபோய்க் கொட்டிப்போட்டு வா."

அம்மம்மா அறிவியல் படித்தவர் அல்ல. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான் உலகம் முழுவதும் பலர் வீட்டு மேசையில் குட்டிக் கடல் தொட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 20 லீற்றர், 10 லீற்றர், சிலரிடம் அதற்கும் குறைவு. அதற்குள் முருகையும் அனிமனியும் உயிரோடு வளர்கின்றன. என் போத்தலில் மட்டும் ஏன் செத்தது?

முதல் குற்றவாளி நான் போட்ட இறால். மிச்சப் பாதி அழுகியது. அழுகினால் அமோனியா வரும், அனிமனியின் கழிவிலும் அமோனியா வரும். கடலில் இதைத் தின்னும் பற்றீரியாக்கள் ஒவ்வொரு கல்லிலும் மணலிலும் ஒட்டியிருக்கின்றன. ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு கூட்டம் அதைப் பெரிதாக நஞ்சில்லாத நைத்திரேற்றாக மாற்றும். புதிதாக வைத்த தொட்டியில் இந்தக் கூட்டங்கள் பெருக நாலு முதல் ஆறு கிழமை பிடிக்கும். அதனால் விசயம் தெரிந்தவர்கள் தொட்டியில் கல்லும் தண்ணீரும் மட்டும் வைத்துவிட்டு, ஒன்றுமே இல்லாத அந்தத் தொட்டியை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு ஒரு மணித்தியாலம்கூடப் பொறுமை இருக்கவில்லை.

இரண்டாவது குறை ஒட்சிசன். இதை இலண்டனில் ஒரு பெண்மணி என் போத்தலுக்கு நெடுங்காலம் முன்பே கண்டுபிடித்திருந்தார். பெயர் அன்னா தைன். 1846இல் டோர்க்கீ என்ற கடற்கரை ஊருக்குப் போனவர் அங்கே கிண்ணம் போன்ற சின்ன முருகைகளைக் கண்டு ஆசைப்பட்டார். பயணத்தில் அடிபடாமல் இருக்க, அவற்றை ஊசி நூலால் ஒரு கடற்பஞ்சில் தைத்து, கல் சாடிக்குள் கடல்நீரோடு வைத்து இலண்டனுக்குக் கொண்டுபோனார். கடலோ தூரத்தில். தண்ணீர் பழசாகிறது, புதுத்தண்ணீர் இல்லை. என்ன செய்வது? யன்னலைத் திறந்து வைத்து, அந்தத் தண்ணீரையே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு, அதிலிருந்து இதற்கு என்று அரை மணி, முக்கால் மணி நேரம் ஊற்ற வைத்தார்.

தேத்தண்ணி ஆற்றுகிற அதே வேலைதான். தேத்தண்ணியை ஆற்றும்போது சூடு வெளியே போகிறது. கடல்நீரை ஆற்றும்போது காற்றிலுள்ள ஒட்சிசன் உள்ளே போகிறது. முருகைகள் பிழைத்தன. பிறகு கடற்பாசியும் சேர்த்து வைத்தார், அது பகலில் தானே ஒட்சிசன் கொடுத்தது. வீட்டில் கடல் உயிரிகளை நிலைத்து வாழவைத்த முதல் தொட்டிகளில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள். ஊற்றி ஊற்றிக் கை வலித்தது சீமாட்டிக்கு இல்லை. அந்த வீட்டில் வேலைக்கு நின்ற ஒரு சின்னப் பெண்ணுக்கு. அவள் பெயர் கதையில் வருவதில்லை. என்னைக் கேட்டால் உலகின் முதல் மீன்தொட்டிப் பம்ப் அந்தப் பிள்ளைதான்.

இன்றைய தொட்டிகளில் அந்த வேலையை மின்பம்ப் செய்கிறது. 2022இல் எங்கள் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் நிறுத்தினார்களே, அப்படி ஒரு நாளில் பம்ப் நின்றால் குட்டித் தொட்டிக்கு வேறு வழியில்லை. சொந்தக்காரர் கோப்பையை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வேலையைச் செய்யவேண்டியதுதான்.

மூன்றாவது சிக்கலை ஆனையிறவில் பார்க்கலாம். உப்பளப் பாத்தியில் கடல்நீரைக் கட்டிவைத்தால் வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போகும், உப்பை விட்டுவிடும். மேசைமேல் இருக்கும் தொட்டியும் ஒரு உப்பளப் பாத்திதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. 10 லீற்றர் தொட்டியில் 350 கிராம். நாலு நாளில் ஒரு லீற்றர் ஆவியாகிவிட்டால் 9 லீற்றரில் அதே 350 கிராம். அதாவது லீற்றருக்கு ஏறக்குறைய 39 கிராம். அசையவே முடியாத முருகைக்கு இது பெரிய அதிர்ச்சி. 500 லீற்றர் தொட்டியில் ஒரு லீற்றர் குறைந்தால் 35 என்பது அசையாது. சின்னத் தொட்டி சுலபம், பெரியது கடினம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மை தலைகீழ். தண்ணீர் குறையக் குறைய, சின்னப் பிழையும் பெரிய பிழையாகிவிடும்.

சரி, குறைந்த தண்ணீரை எதால் நிரப்புவது? கடல்நீரால் என்று சொன்னீர்களானால் தோற்றீர்கள். போனது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேதான் இருக்கிறது. உப்பில்லாத தண்ணீர்தான் விடவேண்டும். அதற்காகக் கிணற்றில் அள்ளி ஊற்றவும் முடியாது. எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் இருக்கின்றன. வெங்காயமும் மிளகாயும் செய்கிற செம்மண் தோட்டப் பக்கங்களில், போட்ட உரம் கீழே இறங்கிக் கிணற்றில் நைத்திரேற்றாக நிற்கிறது. அந்தத் தண்ணீரை விட்டால் தொட்டியில் பச்சைப் பாசி காடாக மண்டி முருகையை மூடிவிடும். வடிகட்டிச் சுத்தம் செய்த தண்ணீர்தான் ஏற்றது.

இனி வெளிச்சம். வெப்பக்கடல் முருகைகள் பலவற்றின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள் வாடகைக்கு இருக்கின்றன. அவை ஒளித்தொகுப்பு செய்து சீனி ஆக்கி, அதில் பெரும்பங்கை வாடகையாகக் கொடுத்துவிடும். வீட்டுக்காரர் தன் கழிவை உரமாகக் கொடுப்பார். நல்ல ஒப்பந்தம். ஆனால் தண்ணீர் வழக்கத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடி, அப்படியே சில கிழமை நின்றால் ஒப்பந்தம் முறிந்துவிடும். குடியிருந்த அல்காக்கள் வெளியேற, முருகை வெள்ளைவெளேர் என்று நிற்கும். உடனே சாகாது, பட்டினி கிடக்கும். 1998இல் இலங்கையின் தெற்குக் கடலில் பெரும்பரப்பு இப்படி வெளுத்தது. குட்டித் தொட்டியில் இந்த ஒரு பாகை கூடுவதற்குச் சித்திரை மாதத்து மதியம் ஒன்று போதும்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகுதான் முக்கியமான பிரச்சினை தொடங்கும். வேலிச் சண்டை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரவோடிரவாகக் கதியாலைப் பக்கத்து வளவுக்குள் ஒரு சாண் தள்ளி நடுகிற கதை எல்லா ஊரிலும் உண்டு. முருகைகளும் இரவில்தான் தொடங்கும். பகலில் சாதுவாக இருக்கும் சில இனங்கள் விளக்கு அணைந்ததும் நீண்ட கைகளை நீட்டி அயலவரைக் கொட்டும். சில இனங்கள் இன்னும் மோசம், வயிற்றுக்குள் இருக்கும் இழைகளை வெளியே தள்ளிப் பக்கத்து முருகையை அது இருக்கிற இடத்திலேயே செரித்துவிடும். கடலில் வளவு பெரிது. 10 லீற்றரில் எங்கே ஒதுங்குவது?

அந்தக் கைகளில் இருப்பவை கொட்டும் கலங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சுருட்டி வைத்த ஒரு நுண்ணூசி. ஐதரா என்ற நன்னீர் உறவினரிடம் 2006இல் இதை அளந்தார்கள். ஒரு செக்கனைப் பத்து இலட்சமாகப் பிரித்தால், அதில் ஒரு பங்குகூட ஆகாதாம் ஊசி பாய. கோமாளி மீன் மட்டும் அனிமனியின் கைகளுக்குள் படுத்து உருளும். அதன் உடம்பில் உள்ள வழுவழுப்பு அனிமனியின் ஊசிகளைக் கிளப்பாமல் பார்த்துக்கொள்கிறது.

அனிமனி இன்னொரு தொல்லையும் தரும். அது நடக்கும். அடிப்பாதத்தால் மெல்ல மெல்ல ஊர்ந்து, வெளிச்சமும் நீரோட்டமும் பிடித்த இடம் தேடிப் போகும். போகிற வழியில் பம்ப்பின் வாய்க்குள் இழுபட்டால் முடிந்தது கதை. குட்டித் தொட்டியில் ஒரு அனிமனி செத்து அழுகினால் மிச்சம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டுதான் போகும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே அனிமனி வாங்குவது எனக்குப் பிடிக்காத காரியம், என் போத்தல் கதை தெரிந்த உங்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

ஆனால் கவனமாக வைத்தால் அது எவ்வளவு காலம் இருக்கும் தெரியுமா? ஸ்கொட்லாந்தில் ஜோன் கிரகாம் டாலியெல் என்பவர் 1828இல் கடற்கரையிலிருந்து ஒரு சிவப்பு அனிமனியை எடுத்துக் கண்ணாடிச் சாடியில் வைத்தார். தண்ணீரை அடிக்கடி மாற்றினார்கள், மட்டிச் சதையில் சின்னத் துண்டு கொடுத்தார்கள். பம்ப் இல்லை, மின்விளக்கு இல்லை. டாலியெல் 1851இல் இறந்தார். அனிமனி கைமாறி வாழ்ந்தது. 1857இல் ஒரே இரவில் 200க்கு மேல் குட்டி போட்டது. எல்லோரும் அதற்குப் பாட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1887இல் அது இறந்தபோது பத்திரிகையில் மரண அறிவித்தல்கூட வந்தது. பாட்டி குளிர்க்கடல் இனம், உடம்புக்குள் வாடகைக்கு யாரும் இல்லை, வெளிச்சமும் பெரிதாகத் தேவையில்லை. எங்கள் கடலின் பெரிய அனிமனிகளை அப்படி வைத்திருக்க முடியாது.

தொட்டிக்கு முருகை எங்கே கிடைக்கும் என்று ஒருவரும் கேட்க வேண்டாம். இலங்கையில் கடலிலிருந்து முருகைக்கல்லை உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம், இந்தியாவிலும் அப்படித்தான். வெளிநாட்டில் தொட்டி வைப்போர் பலர், தொட்டியிலேயே வளர்ந்ததில் ஒரு கிளையை ஒடித்து வாங்கி ஒட்டுகிறார்கள். கிளுவங்கதியால் துளிர்ப்பது போல அது துளிர்க்கும். தூத்துக்குடி ஆய்வாளர்கள் மன்னார் வளைகுடாவில் சிதைந்த பாறைகளுக்கு இதே முறையில்தான் உயிர் கொடுக்கிறார்கள்.

எங்கள் கடலில் என்னென்ன இருக்கிறது என்பதே இன்னும் எண்ணி முடியவில்லை. குடாநாட்டைச் சுற்றியுள்ள முருகைக்கற்பாறைகளை ஆராய்ந்து 2021இல் ஒரு கட்டுரை வெளியானது. இலங்கையில் அதுவரை பதியப்படாத 36 முருகை இனங்களை மரபணு பார்த்து அதில் உறுதிப்படுத்தியிருக்கிறார்கள்.

நான் இப்போது போத்தல் கொண்டுபோவதில்லை. மணிக்கூடு கொண்டுபோகிறேன். வற்று நேரத்தில், பெரியவர் ஒருவரோடு, பருத்தித்துறைக் கல்லுக்குழி ஒன்றின் பக்கத்தில் குந்துங்கள். நிழல் தண்ணீரில் விழக்கூடாது. கையும் வைக்கக்கூடாது. சுருங்கிக் கிடக்கும் அனிமனி ஒன்றைத் தேர்ந்து, அது முழுதாக விரிய எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று எண்ணுங்கள். போன மாதம் நான் எண்ணியபோது 11 நிமிடம். பன்னிரண்டாவது நிமிடம் ஒரு அலை ஏறி வந்து, குழியில் குறைந்த தண்ணீரை நிரப்பி, என் செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனது.