அயனிக் கற்றையும் நெல் நாற்றும்

விதை நெல்லுக்குக் கதிர்வீச்சூட்டிப் புது ரகம் காணும் முயற்சி புதியதன்று. காமா கதிரால் உண்டான ரகங்கள் பல உண்டு. ஜப்பானியர் கையாளும் அயனிக் கற்றை சற்று வேறானது. கார்பன் போன்ற தனிமங்களின் அணுக்களை மின்னேற்றி, பெருவேகத்தில் விதையினுள் செலுத்துகின்றனர். காமா கதிர் தூறலெனப் பரவலாக விழ, இதுவோ தான் சென்ற தடத்தில் நெருக்கமாகத் தாக்கி, பரம்பரைக் குணங்களைத் தாங்கும் டி.என்.ஏ. இழையின் இரு புரிகளையும் ஒருங்கே அறுத்துவிடுகிறது. நெசவாள அங்கத்தினர் இதனை எளிதில் உணர்வர்: ஒரு புரி அறுந்தால் மற்றது தாங்கும், இரண்டும் அறுந்தால் முடிச்சிட வேண்டும், முடிச்சில் இழை சிறிது குறையும். அக்குறையே பின்னர்ப் புதுக் குணமாக வெளிப்படுகிறது.

கற்றை பட்ட விதை பெரும்பாலும் வழக்கம்போலவே முளைக்கும். துன்பம் பின்னரே தெரியும். அளவு ஏற ஏற நாற்று குட்டையாகும். வேர் ஓட்டம் தளரும். பிழைத்துக் கதிர் விடும் பயிரிலும் பதர் மிகும். மறு தலைமுறையில் பச்சையமற்ற வெள்ளை நாற்றுகள் சில தலைகாட்டும். அளவு மிஞ்சினால் நாற்று மடியும். குறைந்தால் மாறுதல் அரிது.

இவ்வளவு பாடு எதற்கு? ஜப்பானின் தொயாமா பகுதியில் சுரங்கக் கழிவின் காட்மியம் ஜின்சு ஆற்று நீர் வழியே நெல்லில் ஏறி, எலும்பை நொறுக்கும் ‘இத்தாய் இத்தாய்’ நோயை விளைத்தது. அரசு 1968இல் இதனை மாசினால் வந்த நோயென ஏற்றது. கதிர் வெளிவரும் பருவத்தில் வயலில் நீர் தேக்கினால் காட்மியம் குறையும்; ஆனால் ஆர்செனிக் கூடும்! இச்சங்கடத்திற்கு வழியாக, கோஷிஹிகாரி விதையில் கார்பன் கற்றை செலுத்தி, காட்மியம் மிகக் குறைந்த மூன்று பயிர்களைத் தெரிந்தெடுத்ததை ஆராய்ச்சியாளர் 2012இல் வெளியிட்டனர். வேரில் மாங்கனீசு புகும் வாயிலே காட்மியத்துக்கும் வாயிலாம். அது பழுதுற்றதால் இரண்டுமே குறைந்தன. ஆகவே மாங்கனீசு வறண்ட மண்ணில் இந்நெல்லின் இலையில் பழுப்புப் புள்ளி நோய் எளிதில் காணும்.

இக்குணத்தை ஒட்டுச் சேர்க்கையால் பெற்ற ‘அகிதாகொமாச்சி ஆர்’ ரகம் 2025இல் அகிதா மாகாணத்து வயல்களில் பரவலாக நடப்பட்டது. கதிர்வீச்சு என்றதும் உண்போர் சிலர் அஞ்சினர். கற்றை பட்டது மூதாதை விதை ஒருமுறையே. பல தலைமுறை கடந்த இன்றைய நெல்லில் கதிர்வீச்சு எதுவுமில்லை. எனினும், பழைய விதையை நாடும் விவசாயிக்கு அதுவும் கிடைத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.