பக்கவாதம் வந்ததும் பிரஷர் மாத்திரை கொடுக்கலாமா? மூளை ரத்தக்கசிவு ஆய்வுகள் சொல்வது என்ன?

அவிநாசிபாளையத்தில் கம்பெனி பஸ் ஏறி, திருப்பூருக்கு வேலைக்குப் போகிறார் ஒருவர். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென வலது கை மரத்துப் போகிறது, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? “பிரஷர் ஏறியிருக்குமுங்க, ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில வைங்க” என்பார் ஒருவர். “கொஞ்ச நேரம் படுக்க வைங்க, சரியாயிரும்” என்பார் இன்னொருவர்.

இரண்டுமே நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால், இரண்டுமே ஆபத்தில் முடியலாம். அது ஏன் என்பதை மூளை ரத்தக்கசிவு பற்றி அண்மையில் நடந்த ஆய்வுகள் தெளிவாக்கியிருக்கின்றன.

அறிகுறி ஒன்று, நோய் இரண்டு

ஸ்ட்ரோக் எனப்படும் பக்கவாதம் இரண்டு விதம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து, மூளைக்குள் ரத்தம் கசிவது இன்னொன்று. உலக அளவில் அடைப்புதான் அதிகம் என்றாலும், கால் பங்குக்கும் மேல் ரத்தக்கசிவுதான். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம் மூளையின் ஆழத்தில் உள்ள மெல்லிய குழாய்களை நைந்துபோகச் செய்வதே இதற்கு முக்கியக் காரணம்.

சிக்கல் என்னவென்றால், வெளியே தெரியும் அறிகுறிகள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அனுபவமுள்ள டாக்டரால்கூட, சி.டி. ஸ்கேன் பார்க்காமல் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆம்புலன்ஸில் நடந்த ஆய்வு

‘எப்படியும் பிரஷர் அதிகமாகத்தானே இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே குறைத்துவிட்டால் என்ன?’ இந்தக் கேள்வி ஆராய்ச்சியாளர்களுக்கும் இருந்தது. சீனாவில் 2,404 பேரிடம் நடந்த ‘இன்டராக்ட்-4’ ஆய்வில், பாதிப் பேருக்கு ஆம்புலன்ஸிலேயே ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து கொடுக்கப்பட்டது. 2024-ல் முடிவு வெளியானது.

மொத்தமாகப் பார்த்தால் பலனும் இல்லை, பாதிப்பும் இல்லை. ஆனால், ஸ்கேன் முடிவை வைத்துப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ரத்தக்கசிவு வந்தவர்களுக்கு அந்த மருந்து நன்மை செய்திருந்தது. அடைப்பு வந்தவர்களுக்கு அதே மருந்து நிலைமையை மோசமாக்கியிருந்தது. நன்மையும் தீமையும் ஒன்றை ஒன்று சமன் செய்துவிட்டன.

தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சினால் மோட்டார் வேகத்தைக் குறைப்பதுதான் சரி. குழாய் அடைத்திருக்கும்போது குறைத்தால், கடைக்கோடிச் செடிக்குக் கொஞ்சநஞ்சம் போகும் தண்ணீரும் நின்றுவிடும். அடைப்பு ஏற்பட்ட மூளையிலும் இதேதான். பக்கத்துக் குழாய்கள் வழியே கிடைக்கும் ரத்தத்தில்தான் சுற்றியுள்ள செல்கள் உயிர்பிடித்திருக்கும்.

கசிவு என்றால் கைவிட வேண்டியதில்லை

அடைப்பைக் கரைக்க, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போடும் ஊசி உண்டு. ‘கசிவுக்கு அப்படி எதுவும் இல்லையே’ என்ற மனச்சோர்வு நீண்ட காலம் இருந்தது. அதை மாற்றியது, 2023-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான ‘இன்டராக்ட்-3’ ஆய்வு. இந்தியா, இலங்கை உள்பட 10 நாடுகளில் 7,036 நோயாளிகளிடம் நடந்தது அது.

அதில் புது மருந்து எதுவும் இல்லை. மேல் அளவு ரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் 140-க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, காய்ச்சலைத் தணிப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதன் விளைவை உடனே முறிப்பது ஆகிய நான்கையும் சேர்த்து, வேகமாகச் செய்தார்கள். இப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் உயிரிழப்பும், ஆறு மாதத்துக்குப் பிறகு மோசமான முடக்கமும் குறைந்திருந்தன.

கசிவு பலருக்கு முதல் சில மணி நேரத்தில் பெரிதாகிக்கொண்டே போகும். அதற்குள் தடுப்பதில்தான் பலன் இருக்கிறது.

அப்போ என்ன செய்யணும்?

* முகம் கோணல், கை அல்லது கால் பலவீனம், பேச்சுக் குழறல் – ஒன்று திடீரென வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். ‘ஷிப்ட் முடியட்டும்’ என்று காத்திருக்க வேண்டாம்.
* பிரஷர் மாத்திரை, ஆஸ்பிரின், சோடா, டீ எதுவும் தராதீர்கள். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை அதிகமாக்கக்கூடும். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் போய்விடும்.
* அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.
* 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். அவிநாசிபாளையத்தில் இருந்து திருப்பூருக்கே சுமார் 20 கி.மீ. வழியில் இரண்டு கிளினிக் ஏறி இறங்கினால் அந்த முதல் மணி நேரம் போய்விடும். எந்த மருத்துவமனை என்பதை இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.

வராமல் தடுப்பது

ரத்தக்கசிவுக்கு முன்னறிவிப்பு பெரும்பாலும் பிரஷர் மெஷினில் மட்டும்தான் தெரியும். “தலைசுத்தல் இல்ல, நமக்கெல்லாம் பிரஷர் இருக்காது” என்பது தவறான கணக்கு. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் கிடைப்பது கஷ்டம்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2024-ல் இந்தத் திட்டம் தொழிற்கூடங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. உங்கள் கம்பெனியில் முகாம் நடக்கிறதா என்று மேலாளரிடம் கேளுங்கள்.

30 வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பிரஷர் பார்ப்பது நல்லது. மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், ‘இப்ப நல்லாத்தானே இருக்கு’ என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்.