கையடக்கத் தொலைபேசியில் ஒரு தோழன்

போரினின்று மீண்டோரின் உளத்துயர், 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' என 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்வகைப்பாட்டு நூலில் இடம்பெற்றது. அவ்வங்கீகாரம் போராடிப் பெறப்பட்டதாகும். வியட்னாம் போரை எதிர்த்த முன்னாள் வீரர்கள் 1970களின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் கூடித் தம் அனுபவங்களை ஒருவருக்கொருவர் எடுத்துரைத்தனர். றொபேட் லிவ்ரன், ஹைம் ஷற்றன் ஆகிய உளமருத்துவர்கள் அவர்களோடு அமர்ந்து செவிமடுத்தனர். பழிக்கு அஞ்சாது பேசக்கூடிய தோழமையே அங்கு மருந்தாயிற்று. இன்று கையடக்கத் தொலைபேசிக்கென வடிவமைக்கப்படும் 'மெய்நிகர் துணைவன்' இத்தோழமையின் எக்கூற்றினை ஏற்கவல்லது, எதனை ஏற்க இயலாது என்பதே இங்கு நோக்கப்படுகின்றது.

இயந்திரத்திடம் மனந்திறத்தல் புதியதன்று. மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசென்பாம் 1966இல் வெளியிட்ட 'எலைசா' என்னும் கணனி நிரல், எழுதுவோரின் சொற்களையே வினாவாகத் திருப்பிக் கேட்டது. எதனையும் விளங்கிக்கொள்ளாத அதனிடம் மக்கள் அந்தரங்கங்களைக் கூறியமை கண்டு அவரே திடுக்குற்றார். கணனியிடம் ஒப்படைக்கத்தகாத மனிதப் பணிகள் உள என 1976இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார்.

பிற்காலத்தில் தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தில் உருவாகிய 'எல்லி', திரையில் தோன்றி வினவும் மெய்நிகர் நேர்காணுநர் ஆவாள். பொதுமக்களிடையே நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், அவளை இயக்கும் மனிதர் எவரும் இலர் என நம்பியோரே கூடுதலாக மனந்திறந்தனர். 2017இல் வெளியான ஆய்வொன்றில், ஆப்கானிஸ்தானிலிருந்து மீண்ட படையினர் இராணுவ வினாக்கொத்திற் கூறியதிலும் மிகுதியான நோய்க்குறிகளை எல்லியிடம் வெளியிட்டனர். பெயர் குறியாத வினாக்கொத்தினையும் அவள் விஞ்சினாள். எனவே இரகசியம் மட்டுமன்றி, கேட்கும் பாங்கும் வேண்டப்படுகின்றது.

எனினும் எல்லி ஆய்வுகூடத்தில் இருந்தாள். கொடுங்கனவு கண்டு விழிப்பவனோ நள்ளிரவில் தன் வீட்டில் இருக்கின்றான். அமெரிக்க முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களமும் பாதுகாப்புத் திணைக்களமும் 2011இல் வெளியிட்ட 'பீரீஎஸ்டி கோச்' செயலி இத்தேவையை ஓரளவு நிறைவுசெய்தது. பெயர் பதியாமலே நோய்க்குறிகளை மதிப்பிடவும், மூச்சுப்பயிற்சியாற் பதகளிப்பைத் தணிக்கவும், உதவுவோரை அழைக்கவும் அது வழிசெய்கின்றது. ஆயின் அது கருவியேயன்றி உரையாடும் துணையன்று. எல்லியின் செவிமடுப்பையும் இச்செயலியின் அண்மையையும் ஒருங்கிணைப்பதே வடிவமைப்பாளரின் பணியாகும்.

அங்ஙனம் இணைப்போர் மூன்று நியதிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். முதலாவது, துணைவன் தன்னை மனிதனெனக் காட்டலாகாது. இயந்திரம் என அறிந்தமையாலேயே வீரன் பேசத் துணிந்தான். இரண்டாவது, அவன் கூறியவை அவனுக்கே உரியன. மேலதிகாரியிடமோ காப்புறுதி நிறுவனத்திடமோ அவை சென்றடையுமாயின், அடைக்கலம் வேவாக மாறிவிடும். மூன்றாவது, தற்கொலை எண்ணம் புலப்பட்ட கணமே, 2007 முதல் இயங்கும் முன்னாள் படையினருக்கான நெருக்கடித் தொலைபேசிச் சேவை போன்றதொன்றின் வாயிலாக மனிதக் குரலுடன் அவனை இணைத்தல் வேண்டும்.

நியூயோர்க்கிற் கூடிய வீரர்கள் ஆறுதலோடு அமையவில்லை. தம் துயருக்குக் காரணமான போரையே கேள்விக்குட்படுத்தினர். தொலைபேசித் துணைவன் துயரைக் கேட்கலாம்; அக்கேள்வியை எழுப்புதல் அதற்கு இயலாது. எனவே வீரனை மீண்டும் மனிதக் கூட்டத்திடம் சேர்ப்பிக்கும் வழிகாட்டியாக அது அமைதல் தகும். அவனைப் போருக்கு அனுப்பிய அரசின் கடனைத் தீர்க்கும் மலிவான மாற்றீடாக அது கொள்ளப்படலாகாது.