முத்துக்குளித்துறையும் அதிகாரப் பங்கீடும்

மத்திய, மாநில அரசுகளிடையே அதிகாரங்கள் எவ்வாறு பங்கிடப்பட வேண்டும் என்னும் வினா நம் நாட்டில் எழும்போதெல்லாம் வரி வருவாய், மொழி, கல்வி ஆகியவையே முதலில் பேசப்படுகின்றன. இவை முக்கியமானவையே. ஆயினும் இவ்வினா எளிய மக்களின் அன்றாட வாழ்வை எங்ஙனம் தொடுகின்றது என்பதை அறிய விரும்புவோர் கடற்கரையை நோக்குவது நலம். வேம்பார் முதல் பெரியதாழை வரை நீளும் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில், ஒரே நீர்ப்பரப்பின்மேல் ஊர், மாநிலம், நாடு, நாடுகளிடை உடன்படிக்கை ஆகிய நான்கும் ஒருங்கே ஆட்சி செலுத்துகின்றன. நம் சபைகளுள் பல இம்மாவட்டத்தின் உட்பகுதிகளில் அமைந்திருப்பதால், கடலோர மக்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் நம் ஆயர்களுக்கும் இறையியல் மாணவர்க்கும் அத்துணைப் பழக்கமானவை அல்ல. அவற்றை வரிசைப்படுத்திக் காட்டி, இப்பங்கீட்டை அளந்துபார்க்கத் தக்க அளவுகோல் யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பழைய பங்கீடு

அதிகாரத்தைப் பங்கிடுவது இக்கடலுக்குப் புதிதன்று. முத்துச் சலாபம் நடைபெற்ற காலங்களில், மூழ்குவோர் கடலடிக்கு விரைந்திறங்க உதவிய கல்லே பங்கின் அலகாக விளங்கிற்று. மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல், பரதவரின் சாதித் தலைவனுக்கு இத்தனை கல் என உரிமைகள் கணக்கிடப்பட்டன. 1530களில் பரதவர் தங்கள் குளிப்புரிமையைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தொலைதூரப் போர்த்துக்கீசிய அரசின் துணையை நாடினர். 1658இல் தூத்துக்குடி டச்சுக் கம்பெனியின் கைக்குச் சென்றது. 1825இல் ஆங்கிலேயர் வசம் நிலைத்தது. ஆட்சி மாறியபோதெல்லாம் பங்குகளும் மாறின. ஆனால் மூழ்கியவனின் பங்கைப் பெரும்பாலும் கரையில் நின்ற வேறொருவரே நிர்ணயித்தனர். விடுதலைக்குப்பின் மாநில அரசு சலாபங்களை நடத்திற்று. 1961இல் நடைபெற்றதே கடைசிச் சலாபமாகும்.

2. இன்றைய பங்கீடு

இன்று பங்கின் அலகு கல் அன்று. அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையே. அதன்படி மீன்வளம் மாநிலப் பட்டியலின் 21ஆம் இனமாகும். எல்லைக்கடலுக்கு அப்பாலுள்ள மீன்பிடிப்போ மத்தியப் பட்டியலின் 57ஆம் இனமாகும். எல்லைக்கடல் 12 கடல் மைல் என்றும், அதற்கப்பால் 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம் என்றும் 1976ஆம் ஆண்டின் கடல் மண்டலச் சட்டம் வகுத்தது. மாநிலத்தின் பங்கான 12 மைலுக்குள்ளும் ஓர் உட்பிரிவு உண்டு. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ், கரையையடுத்த 3 கடல் மைல் நாட்டுப்படகுகளுக்கென ஒதுக்கப்பட்டது; விசைப்படகுகள் அதற்கு அப்பாலேயே தொழில் செய்யவேண்டும்.

பங்கீடு தொலைவைப் பொறுத்து மட்டும் அமைந்ததன்று, பொருளையும் பொறுத்தது. எல்லைக்கடலில் நீந்தும் மீன் மாநிலத்தின் அதிகாரத்துக்குட்பட்டது. அதே இடத்தில் கடலடி நிலத்துக்குள் இருக்கும் கனிமமோ, 297ஆம் உறுப்பின்படி, மத்திய அரசுக்குரியது. சிறு துறைமுகங்கள் பொதுப்பட்டியலிலும், பெருந்துறைமுகங்கள் மத்தியப் பட்டியலிலும் உள்ளன. தூத்துக்குடியின் புதிய துறைமுகம் 1974 ஜூலை 11ஆம் நாள் பெருந்துறைமுகமென அறிவிக்கப்பட்டது. 1979இல் பழைய துறைமுகமும் அதனோடு இணைக்கப்பட்டது. ஓர் அறிவிப்பினாலேயே ஒரு துறைமுகத்தின் ஆட்சி சென்னையிலிருந்து டெல்லிக்கு மாறிற்று என்பது கவனிக்கத்தக்கது. இப்போது வ.உ.சிதம்பரனாரின் பெயர் தாங்கும் இத்துறைமுகத்தை 2021ஆம் ஆண்டின் சட்டப்படி ஓர் ஆணையம் நடத்துகின்றது. அதன் குழுவில் மாநில அரசுக்கு ஓர் உறுப்பினரும், தொழிலாளர் சார்பில் இருவரும் உண்டு. மாநகராட்சிக்கோ அண்டையிலுள்ள மீனவ ஊர்களுக்கோ அச்சட்டம் இடம் குறிக்கவில்லை.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையேயுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. இதனை மாநில வனத்துறை மேற்பார்வையிடுகின்றது. ஆயினும் அத்துறை செயற்படுத்துவது பாராளுமன்றம் 1972இல் இயற்றிய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையாம். முன்னர் மாநிலத்துக்குரியதாயிருந்த வனவிலங்குப் பாதுகாப்பு, 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குச் சென்றது. 2001இல் மத்திய அரசு கடல் அட்டையை இச்சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தபோது, சங்கு குளிப்போருள் பலர் தங்கள் வருவாயின் ஒரு பகுதியை இழந்தனர்.

இறுதியாக உள்ளாட்சி. 1992ஆம் ஆண்டின் 73ஆம் திருத்தம் சேர்த்த பதினொன்றாம் அட்டவணையில் மீன்வளம் 5ஆவது பொருளாக இடம்பெற்றுள்ளது. ஆனால் இப்பொருள்களை ஊராட்சிகளிடம் ஒப்படைப்பது மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்ததேயாம். ஆகவே ஏட்டிலுள்ள இவ்வதிகாரம் கடலை எட்டவில்லை. நகரின் கழிவுநீரைப் பக்கிள் ஓடை வழியே கடலுக்கு விடுவது பற்றிய பொறுப்பு மட்டும் மாநகராட்சியிடம் நேரடியாக உள்ளது.

3. இணக்கமும் பிணக்கமும்

இத்துணை அடுக்குகள் இருப்பதே தவறு என்று நாம் கருதலாகாது. அவை இணங்கிச் செயற்படுங்கால் நன்மை விளைகின்றது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் தடையை எடுத்துக்கொள்வோம். எல்லைக்கடலில் மாநில அரசும், அதற்கப்பால் மத்திய அரசும் ஒரே நாட்களில் ஆணை பிறப்பிக்கின்றன. முன்னர் 45 நாட்களாயிருந்த இத்தடை, இப்போது கீழைக்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களாகும். ஓர் அரசு விலக்கி மற்றோர் அரசு அனுமதிக்குமாயின் தடை பயனற்றுப்போகும். முத்துச் சிப்பியின் வளர்ப்பிலும் இத்தகைய நன்மையைக் காண்கிறோம். மத்திய அரசின் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் வளர்ப்பு முத்து உண்டாக்குவதில் வெற்றி கண்டனர். ஓர் ஊராட்சி தனித்து நின்று இதனைச் செய்திருத்தல் இயலாது.

இதற்கு மாறான நிகழ்ச்சி 1976இல் நேர்ந்தது. அவ்வாண்டு மார்ச்சு 23ஆம் நாள் இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடாவில் கடல் எல்லையை வகுத்து ஒப்பமிட்டன. அன்றே கைமாறிய கடிதங்களின்படி, ஒரு நாட்டின் மீனவர் மற்ற நாட்டின் கடலில் அதன் அனுமதியின்றித் தொழில் செய்யும் வாய்ப்பு நின்றுபோயிற்று. அவ்வாண்டு ஜனவரி 31ஆம் நாளே தமிழ்நாட்டின் அமைச்சரவை கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடைபெற்றுக்கொண்டிருந்தது. ஆகவே இக்கடலில் தொழில் செய்தோரின் சார்பில் பேசத்தக்க, மக்களால் தெரிந்தெடுக்கப்பட்ட மாநில அரசே அன்று இல்லை. இருந்திருப்பினும் அதன் இசைவு சட்டப்படி கட்டாயமன்று. வெளிநாட்டு உடன்படிக்கைகள் மத்திய அரசின் அதிகாரம். அவற்றை நிறைவேற்ற மாநிலப் பட்டியலிலுள்ள பொருள்மீதும் பாராளுமன்றம் சட்டமியற்றலாம் என்கிறது 253ஆம் உறுப்பு.

4. நாடுகளுக்கு மேற்பட்ட அதிகாரம்

1982இல் உருவாகி 1994இல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட உடன்படிக்கையை இந்தியா 1995இல் ஏற்றுக்கொண்டது. எனினும் இது நாடுகள் ஒத்துக்கொண்ட விதிகளின் தொகுப்பேயன்றி, நாடுகளின்மேல் அமர்ந்து ஆளும் அரசன்று. அத்தகைய மேல்நிலை ஆட்சிக்கு எடுத்துக்காட்டு ஐரோப்பிய ஒன்றியமாகும். அதன் 27 உறுப்பு நாடுகளும் கடல்வாழ் உயிர்வளங்களைப் பாதுகாக்கும் அதிகாரத்தை ஒன்றியத்திடமே ஒப்புவித்துள்ளன. மீன் எல்லைக்கோடு அறியாது என்பதே இதன் காரணம். அவ்வளவு உயரத்துக்குச் சென்ற அதிகாரம் கரையை மறவாதிருக்கும் பொருட்டு, மீனவர் பிரதிநிதிகள் அடங்கிய ஆலோசனைக் குழுக்களும் அங்கே அமைக்கப்பட்டுள்ளன.

மன்னார் வளைகுடாவில் இத்தகைய பொது அமைப்பு இல்லை. இங்கே தடுக்கப்பட்ட கடல் அட்டையை இலங்கை தன் கரையில் உரிமச்சீட்டுடன் எடுக்க அனுமதிக்கின்றது. ஆயினும் 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு நாட்டு மீனவப் பிரதிநிதிகள் நேருக்குநேர் அமர்ந்து பேசினர். முடிவான தீர்வு கிட்டாவிடினும், பாதிக்கப்பட்டோரே பேச இடமளிக்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

5. அளவுகோல்

கீழ்நிலை அமைப்பு செய்யத்தக்கதை மேல்நிலை அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது என்னும் கொள்கை 1931இல் பதினோராம் பயஸ் பாப்பரசரின் சுற்றுமடலில் தெளிவாக உரைக்கப்பட்டது; 1992இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உடன்படிக்கையிலும் இடம்பெற்றது. இக்கொள்கை நமக்கு ஏற்புடையதே. ஆனால் கடலைப் பொறுத்தவரை இது பாதி அளவுகோலேயாம். மீன்களின் இனப்பெருக்கம், நாட்டின் எல்லை, பெருந்துறைமுகம் ஆகியவற்றை ஓர் ஊர் தனித்து முடிவுசெய்தல் இயலாது. அதிகாரம் மேலே சென்றே தீரவேண்டும். அங்ஙனம் செல்லுங்கால், அதனால் பாதிக்கப்படுவோர் முடிவுக்கு முன்னரே கேட்கப்படுதல் வேண்டும் என்பதே மறுபாதி. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் பற்றிய 2011ஆம் ஆண்டு அறிவிக்கை, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவில் மீனவர் உட்படக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் மூவரேனும் இருக்கவேண்டுமென விதித்தது இவ்வழியில் ஒரு சிறு முன்னேற்றமாகும்.

ஆயர்களுக்கு இதில் ஒரு நடைமுறைப் பணியும் உண்டு. துயருற்ற மக்கள் மனு எழுதித் தருமாறு நம்மிடம் வருகின்றனர். 3 மைலுக்குள் விசைப்படகு புகுந்ததெனில் மாநில மீன்வளத் துறையிடமும், துறைமுக விரிவாக்கம் பற்றியதெனில் துறைமுக ஆணையத்திடமும் மத்தியத் துறைமுக அமைச்சகத்திடமும், ஓடைக் கழிவு பற்றியதெனில் மாநகராட்சியிடமும் முறையிடவேண்டும். அயல்நாட்டில் சிறைப்பட்டோரைக் குறித்ததாயின் மாவட்ட ஆட்சியர் வாயிலாக மாநில அரசையும், அதன் வழியே வெளியுறவு அமைச்சகத்தையும் அம்மனு எட்டவேண்டும். தவறான வாயிலில் கொடுக்கப்பட்ட மனு மாதக்கணக்கில் அலைகின்றது; அதுவரை அக்குடும்பம் காத்திருக்கின்றது. எந்த அதிகாரம் எங்கே உள்ளதென அறிந்து மக்களுக்குச் சரியான வாயிலைக் காட்டுவதும், அவ்வாயிலில் அவர்களுக்கு இருக்கை கேட்பதும் நம் கடமையாகும்.