கர்ப்பிணிகளும் டாக்ஸோபிளாஸ்மா தொற்றும்

ஒரு நோய் நூற்றுக்கு எத்தனை பேரைத் தொட்டுள்ளது என்று கேட்டவுடன், எண் பெரிதாயின் அஞ்சுவதும், சிறிதாயின் ஆறுதல் கொள்வதும் மக்கள் இயல்பு. ஆயினும் எண்ணை மட்டும் கண்டு முடிவு கட்டலாகாத நோய்களும் உண்டு. டாக்ஸோபிளாஸ்மோசிஸ் என்பது அவற்றுள் ஒன்று. மண்ணோடும் கால்நடைகளோடும் பழகி வாழும் நம் அங்கத்தினர் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நலமெனக் கருதி, இம்மாதம் இதுபற்றி எழுதப் புகுந்தோம்.

இந்நோயை உண்டாக்குவது கண்ணுக்குப் புலனாகாத ஓர் ஒட்டுண்ணி. 1908ஆம் ஆண்டில் துனிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் நிக்கோல், மான்சோ என்னும் விஞ்ஞானிகள் இருவர் ஒரு கொறிவிலங்கின் உடலில் இதனைக் கண்டனர். இவ்வொட்டுண்ணி பூனையின் குடலில் பெருகி, அதன் மலத்தோடு வெளிப்பட்டு, ஈரமண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிர் தாங்கி நிற்கும். அம்மண் பட்ட புல்லையும் தீனியையும் தின்ற ஆடு, பன்றி முதலியவற்றின் தசையில் தங்கும். ஆகவே மனிதரை இது அடையும் வழிகள் முக்கியமாக இரண்டு: ஒன்று நன்கு வேகாத இறைச்சி, மற்றொன்று மண் பட்ட கை, கழுவாத காய்கறி, தூய்மையற்ற நீர்.

நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு இதனால் பெருந்துன்பம் இல்லை. சிலருக்குச் சிறு காய்ச்சலும் கழுத்தில் நெறிகட்டுதலும் தோன்றும். பலருக்கு ஒன்றுமே தெரியாது. ஒருமுறை தொற்றியபின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகி வாழ்நாள் முழுதும் நிலைக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி குன்றாதிருக்கும் வரை, கருத்தரிக்கு முன்பே தொற்றுக்கு ஆளான தாயின் குழந்தைக்கு அதனால் அநேகமாக ஆபத்து இல்லை. கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றுவதே அஞ்சத்தக்கது. முதல் மூன்று மாதங்களில் அது குழந்தையை எட்டுவது அரிது. எட்டினாலோ மூளையையும் கண்ணையும் கடுமையாகத் தாக்கும், கரு சிதைதலும் கூடும். கடைசி மாதங்களில் எட்டுவது எளிது. ஆனால் கேடு பெரும்பாலும் குறைவு. பிறக்கும்போது குறையின்றித் தோன்றும் குழந்தைக்குங்கூட ஆண்டுகள் சென்றபின் கண்ணில் நோய் வெளிப்படுவதுண்டு.

இத்தொற்றின் கணக்கை நெடுங்காலம் எடுத்து வந்த தேசம் பிரான்சு. இறைச்சியை அரைவேக்காடாக உண்ணும் வழக்கம் அங்கே பரவியிருந்தது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸ் நகரக் கர்ப்பிணிகளுள் 100க்கு 84 பேர் முன்பே தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். பிரான்சு முழுமைக்கும் எடுத்த கணக்கில் இது 1995இல் 54 ஆகவும், 2003இல் 44 ஆகவும், 2010இல் 37 ஆகவும், 2016இல் 31 ஆகவும் குறைந்தது. தொற்றும் வாய்ப்பு அருகி வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் மறுபுறத்தையும் நோக்க வேண்டும். அன்று பாரிஸில் காப்பில்லாத கர்ப்பிணிகள் 100க்கு 16 பேர். 2016இல் பிரான்சு முழுவதிலும் 69 பேர். எண் குறையுந்தோறும் எச்சரிக்கையாயிருக்க வேண்டிய தாய்மாரின் தொகை பெருகுகிறது. இதனை உணர்ந்தே அந்நாட்டார் 1978இல் இரத்தப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கினர். காப்பில்லாத கர்ப்பிணிகளை மாதந்தோறும் சோதிக்க 1992இல் விதி செய்தனர். பாவில் அறுந்த இழையை அப்போதே முடிந்துவிட்டால் துணி கெடாது என்பதை நம் நெசவாளருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. தொற்றை உடனே கண்டு மருந்து கொடுப்பதும் அத்தகையதே.

நம் நாட்டின் நிலை யாது? கருத்தரிக்கும் வயதுடைய பெண்களைப் பற்றி 2014இல் வெளிவந்த ஆய்வொன்று, இந்தியாவில் 100க்கு 22 பேர் அளவிலும், தென்னாட்டில் 37 பேர் அளவிலும் தொற்றின் அடையாளம் இருந்ததாகக் காட்டியது. எனவே தென்னாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் காப்பில்லாதவரே. நம் வீடுகளில் இறைச்சியைக் குழைய வேகவைப்பதே வழக்கமாதலின், மண், நீர், கழுவாத காய்கறி ஆகியவற்றையே நாம் முதலில் கருத வேண்டும்.

ஒன்றை இங்கு வற்புறுத்த விரும்புகிறோம். பரிசோதனைச் சீட்டில் "ஐஜிஜி உண்டு" என்று கண்டவுடன் கலங்க வேண்டாம். அது பெரும்பாலும் பழைய தொற்றின் அடையாளமே. கரு தங்காமற் போனதற்கு அதுவே காரணமென்று மருமகளைப் பழிப்பது அறியாமை. "ஐஜிஎம்" என்பது புதிய தொற்றைக் குறிக்கலாம். ஆனால் அதுவும் பல மாதங்கள் நீடிப்பதுண்டாதலால், ஒரே சோதனையைக் கொண்டு முடிவு செய்யலாகாது. இரண்டு மூன்று வாரங்கள் கழித்து மீண்டும் சோதித்து, மருத்துவர் சொற்படி நடத்தலே முறை.

கர்ப்பிணி உள்ள இல்லத்தில் செய்யத்தக்கவை எளியன. இறைச்சியை உட்புறம் சிவப்பு நிறம் சிறிதும் இல்லாதவாறு வேகவைக்க வேண்டும். பச்சை இறைச்சியைத் தொட்ட கையையும் அரிவாள்மணையையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கீரையையும் பச்சையாக உண்ணும் காய்களையும் பலமுறை அலச வேண்டும். குடிநீரைக் காய்ச்சிப் பருக வேண்டும். களையெடுத்து வந்தபின் கைகழுவாமல் உணவைத் தொடலாகாது. வீட்டுப் பூனையை விரட்ட வேண்டியதில்லை. அது தன் வாழ்நாளில் பெரும்பாலும் ஒருமுறை, சில வாரங்களே இக்கிருமியை வெளியிடுகிறது. அதன் மலம் தொற்றும் தன்மை பெற ஒரு நாளேனும் ஆகுமாதலால், கர்ப்பிணியல்லாத ஒருவர் அதனை நாள்தோறும் அகற்றிவிட்டால் போதும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஆடவரும் இவ்வேலைகளில் பங்குகொண்டு, கருவுற்ற பெண்டிரின் சுமையைக் குறைப்பாராக. இக்கட்டுரையை அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்தாருக்கு வாசித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.